என் கதையை அந்த அம்மா கேட்ட விதம்

சக ஆதரவாளர் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: புத்தி சொல்லாதே, உன் அனுபவத்தைச் சொல். புத்தி சொல்ல டாக்டரும் சோஷியல் ஒர்க்கரும் இருக்கிறார்கள், மனநோயோடு வாழ்ந்தவன், அதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணை நிற்பவன் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கும் அதைத்தானே செய்தேன்? அப்புறம் ஏன் உறுத்துகிறது?

மனநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் ஒரு பையனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவன் நோயைப் பற்றி அவன் அம்மா கேட்டது இதுதான்: "பொண்ணு வீட்டுல சொல்லணுமா தம்பி? நீங்க சொன்னா கேட்டுக்கிறேன்." மறைத்துக் கட்டிவைத்தால் இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் மோசடி என்று சொல்லி கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம் என்று எங்கள் மேடம் ஏற்கெனவே எடுத்துச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குச் சட்டம் வேண்டாம், என் வாயால் கேட்க வேண்டும்.

சொன்னேன். எங்கள் வீட்டிலும் மறைத்துத்தான் கட்டிவைத்தார்கள். மனநோய்க்கான ஓலான்ஸபின் மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டால் காலையில் எழுந்திருக்க முடியாது, புதுமாப்பிள்ளை எட்டு மணி வரை தூங்கினால் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாள் விட்டேன், அப்புறம் அடியோடு விட்டேன். தூக்கம் போனது, எல்லார் மேலும் சந்தேகம் வந்தது, கடைசியில் என் நோயின் பெயரே என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவங்க உங்கள விட்டுட்டுப் போகலல்ல?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தேய்த்த சட்டை, பைக், வேலை, பெண்டாட்டி பிள்ளை என்று போய் உட்கார்ந்துகொண்டு, மறைத்தது தப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என்னைப் பார்த்தாலே வீட்டாருக்குத் தெம்பு வர வேண்டும் என்பதும் என் வேலைதான். வந்தது.

சொல்லிடுங்க என்று பட்டென்று சொல்லியிருக்கலாமே என்றார் மேடம். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் நான் குறைந்த சம்பளத்தில் இன்னொரு சோஷியல் ஒர்க்கர், அவ்வளவுதான். நாங்களாகப் போய்ப் பெண் வீட்டில் சொல்லவும் முடியாது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவன் விஷயத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சொல்வதும் சொல்லாததும் அவன் உரிமை. அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான், அம்மா என்னைத்தான் கேட்டார், நானும் அம்மாவைப் பார்த்தேதான் பேசினேன். கேட்டவருக்குத்தானே பதில் சொல்ல முடியும் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், சில நேரம் அது எடுபடுகிறது.

போன வாரம் பையன் போன் பண்ணினான். "அண்ணா, நானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இப்ப அம்மா உங்களத்தான் காட்டுது. அண்ணிய ஒரு தடவ கூட்டிட்டு வர்றீங்களா? அவங்க அப்ப என்ன பட்டாங்கன்னு அம்மாகிட்ட சொல்லட்டும்."

நியாயமான கேள்வி. ஆனால் சம்பளம் எனக்குத்தான், அவளுக்கில்லை. அதோடு, ஊரில் யார் யார் வீட்டிலோ நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவதே அவளுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.