பத்தடி அறையில் மிக்ஸிங்: ஹெட்ஃபோனா, மானிட்டரா?

வீட்டிலேயே பாட்டை மிக்ஸ் செய்ய, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், எந்த மாடல் மானிட்டர் (மிக்ஸிங்குக்கான ஸ்பீக்கர்) வாங்கலாம் என்று கேட்டால், அறையின் நீளம், அகலம், உயரம் எத்தனை அடி என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பத்துக்குப் பத்து, உயரமும் ஏறக்குறைய பத்து என்று பதில் வரும். நம் ஊர்ப் படுக்கையறைகள் பலவற்றின் அளவு அதுதான். மிக்ஸிங்குக்கு அதைவிடச் சிரமமான அறை அமைவது அரிது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் 343-ஐ வகுத்தால், அந்தச் சுவர்களுக்கிடையே நிலைகொள்ளும் முதல் அலையின் அதிர்வெண் கிடைத்துவிடும். பத்தடி என்பது 3.05 மீட்டர், ஆகவே விடை சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால், மூன்று திசைகளிலும் அதே 56 ஹெர்ட்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் அடிநாதமும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டின் அடித்தளம் எங்கே அமைகிறதோ, சரியாக அங்கேயே அறை கை வைக்கிறது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். தாழ்ந்த ஒலிகளைத் தெளிவாகத் தரக்கூடிய ஸ்பீக்கரை அறையின் ஒரு மூலையில் வைத்து, 56 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே அதிர்வெண் கொண்ட ஒலியை) தொடர்ந்து ஒலிக்கவிட்டு, அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். சுவரோரத்திலும் மூலையிலும் நெஞ்சில் அழுத்துகிற அதே ஒலி, அறையின் நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். நாற்காலி அந்த நடுவில் இருந்தால், பேஸ் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவோம். அந்த மிக்ஸைக் காரில் கேட்கும்போது கதவெல்லாம் அதிரும்.

நம் வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக இருப்பதற்கு, பூச்சுப் பூசிய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் காரணம். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டும் அமெரிக்க வீடுகளில் தாழ்ந்த ஒலியின் ஒரு பகுதி சுவரிலேயே உறிஞ்சப்பட்டோ வெளியே கடந்தோ போய்விடும். நம் சுவர்கள் அதைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே அங்கிருந்து வரும் வீடியோக்களின் அறிவுரையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதை யாராவது பரிந்துரைத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டருக்கு மேல். காகிதக்கூழ்த் தட்டு அதை ஒன்றும் செய்யாது. அறையை அளந்து திருத்தும் மென்பொருளால் ஓங்கி நிற்கும் ஒலியைக் குறைக்க முடியும். ஆனால் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும், ஏற்றிய அளவுக்கு அழிவும் கூடுமே தவிர ஒலி திரும்ப வராது.

இந்த இடத்தில்தான் ஹெட்ஃபோன் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதற்கு அறையே கிடையாது. யமஹா எச்எஸ்5 போன்ற ஐந்து அங்குல மானிட்டர், அதன் தயாரிப்பாளர் தரும் அளவின்படியே, 54 ஹெர்ட்ஸை எட்டும்போது 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளதையும் ஒரு நல்ல ஹெட்ஃபோனில் தடையின்றிக் கேட்டுத் தீர்மானிக்கலாம். சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ போன்ற திறந்த அமைப்புள்ளவை (காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைக்கப்படாதவை) மிக்ஸிங்குக்கு ஏற்றவை. ஆனால் எச்டி 600-இன் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) 300 ஓம் என்பதால், வலுவில்லாத இன்டர்ஃபேஸில் (கணினியோடு ஹெட்ஃபோனையும் மைக்கையும் இணைக்கும் கருவியில்) அதன் சத்தம் போதாமல் போகலாம். ஓடுகிற மின்விசிறியின் இரைச்சலும் திறந்த அமைப்பின் வழியே உள்ளே வந்து ரிவெர்பின் (அறையின் எதிரொலிபோல் சேர்க்கும் ஒலியின்) மெல்லத் தேயும் வால்பகுதியை மூடிவிடும். கோடையில் இது பெரிய தொல்லைதான். ஆனாலும் ரிவெர்பைத் தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

ஹெட்ஃபோன் நம்பத்தகாத இடம் பேனிங், அதாவது ஒவ்வோர் ஒலியையும் இடம், வலம் என்று எங்கே வைப்பது என்பது. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி, நொடியின் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு தாமதத்தில், உச்ச அதிர்வெண்கள் சற்று மங்கி, வலக்காதையும் அடைகிறது. ஹெட்ஃபோனில் அது அறவே இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கும் வலப்பக்கமான வலந்தலைக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்து, இரண்டையும் இருபுறமும் முழுமையாகத் தள்ளினால், ஹெட்ஃபோனில் நம் தலையே மிருதங்கத்துக்குள் இருப்பதுபோல் கேட்கும். அதையே மானிட்டரில் கேட்டால், ஒரே வித்வான் இரண்டு இடங்களில் அமர்ந்து வாசிப்பதுபோல் தொப்பியின் தாங்கும் ஒலி தனியே பிரிந்து நிற்கும். இரண்டையும் எவ்வளவு உள்ளே இழுத்தால் ஒரே வாத்தியமாகச் சேரும் என்பதை மானிட்டரில்தான் கேட்டறிய முடியும். குரலும் அப்படியே. தலைக்குள் ஒலிக்கும் குரல் வாத்தியங்களுக்கு முன்னே நிற்கிறதா, பின்னே போய்விட்டதா என்று கணிப்பது கடினம். எதிரே வைத்த இரண்டு சிறு ஸ்பீக்கர்களில், பேச்சுக் குரல் அளவுச் சத்தத்தில், அது உடனே தெரிந்துவிடும். அந்தச் சத்தத்தில் பேஸை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

காதின் நலனையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. ஹெட்ஃபோனில் சத்தம் சிறுகச் சிறுக ஏறுவது நமக்கே தெரிவதில்லை. மானிட்டர் என்றால் அடுத்த அறையில் இருப்பவராவது வந்து சொல்வார்.

ஆகவே, திருத்தப்படாத பத்தடி அறையில், ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் திறந்த அமைப்புள்ள ஹெட்ஃபோனையே வாங்குங்கள். அடுத்த செலவு மூலைகளில் நாலைந்து அங்குலத் தடிமனில் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப்பஞ்சு போன்ற கனிமப் பஞ்சு) பேனல்களாக இருக்கட்டும். அவை 56 ஹெர்ட்ஸை அடக்கிவிடாது என்றாலும் அதற்கு மேலே உள்ள குழப்பத்தைக் கணிசமாகக் குறைக்கும். மானிட்டர் அதன் பிறகு போதும், ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ட்வீட்டர் (மானிட்டரில் உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருக்க, இரண்டு மானிட்டரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். நாற்காலியை அறையின் நடுவிலிருந்து விலக்கி, மானிட்டர்களுக்குப் பின்னுள்ள முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.