சிதறாத வரைக்கும்

ஒரு காகிதத்தைக் கையால் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பஞ்சுபோல நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் தெரியும். முட்டை அடுக்கி வரும் அட்டைத் தட்டைக் கிழித்தாலோ, இழை என்று சொல்ல எதுவும் இல்லாமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. இரண்டும் மரத்திலிருந்து வந்தவைதான். கூழாக்கி மீண்டும் தாளாக்கும் ஒவ்வொரு முறையும் இழைகள் குட்டையாகிக்கொண்டே போவதால், ஏறக்குறைய 5 முதல் 7 சுற்றுகளுக்குப் பிறகு அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலுவை இழந்துவிடுகின்றன. ஆகவே காகிதத்தை மறுசுழற்சிக்கு உரியது என்று எழுதுகிறவர்கள் ‘சில முறை மட்டும்’ என்று சேர்த்துக்கொள்வதே நேர்மை.

எந்த வளம் மறுசுழற்சிக்கு உரியது, எது உரியதல்ல என்று பாடநூல்களில் வரும் பட்டியல்களின்மேல் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். உலோகம், கண்ணாடி, காகிதம் ஒரு பக்கம். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு மறுபக்கம் என்று அவை கோடு கிழித்துவிடுகின்றன. எரிபொருளைப் பொறுத்தவரை அந்தக் கோடு சரியே. எரிந்த நிலக்கரியின் கார்பன் எங்கும் போய்விடவில்லை, காற்றில்தான் இருக்கிறது. ஆனால் நாம் பயன்படுத்திக்கொண்ட ஆற்றல் வெப்பமாகப் பரவித் தீர்ந்துவிட்டது. அதே பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெய் பெரும்பாலும் எரிவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது என்பதால், சுத்திகரித்து மறுபடியும் எஞ்சினில் ஊற்ற முடிகிறது. ஒரே வளம், இரண்டு முடிவுகள். அதாவது, எந்தப் பொருள் என்பதைவிட அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதே பல நேரங்களில் விடையைத் தீர்மானிக்கிறது.

உலோகங்களில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அலுமினியத்தை உருக்கி மீட்க, பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடு போதும். ஆனால் ஒரு குளிர்பான டின்னைக் கூர்ந்து பாருங்கள்: அதன் உடலும் மூடியும் ஒரே கலவை அல்ல, திறக்கும்போது கிழிந்து வர வேண்டிய, அதுவரை அழுத்தத்தைத் தாங்க வேண்டிய மூடியில் மக்னீசியம் அதிகம். சேர்த்து உருக்கினால் இரண்டுக்கும் நடுவே ஒன்று கிடைக்கும்; அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். இரும்பின் நிலை இதைவிடச் சிக்கலானது. காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பழைய மோட்டாரின் செப்புக் கம்பி அதோடு உலைக்குள் போய்விட்டால், அந்தச் செம்பை உருகிய எஃகிலிருந்து வழக்கமான முறைகளில் நீக்க முடியாது. அந்த எஃகைச் சூடாக்கித் தகடாக உருட்டும்போது வெடிப்பு விழும்.

கண்ணாடியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நிறம் பிரித்து, பீங்கான் துண்டு கலக்காமல் பார்த்துக்கொண்டால் எத்தனை முறையும் உருக்கலாம்.

மீளாதவற்றில் ஹீலியத்துக்குத் தனி இடம் உண்டு. இயற்கை எரிவாயுவோடு நிலத்தடியிலிருந்து வரும் இந்த வாயு, எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தங்களைச் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து வைக்கிறது. ஆவியாவதைப் பிடித்து மறுபடி திரவமாக்கினால் திரும்பத் திரும்பப் பயன்படும். பலூனில் அடைத்துப் பறக்கவிட்டால் காற்றில் கலந்து, காலப்போக்கில் புவியீர்ப்பையே மீறி விண்வெளிக்குப் போய்விடுகிறது.

பாஸ்பரஸ் அப்படிப் பூமியை விட்டுப் போவதில்லை, சிதறத்தான் செய்கிறது. பாறையாக வெட்டி, உரமாக வயலில் தூவி, மழையில் ஒரு பகுதியும் நம் உடல்வழியே ஒரு பகுதியுமாகக் கடலில் கரைத்துவிடுகிறோம். பயிருக்கு அதற்கு மாற்றும் கிடையாது. 1669-இல் ஹென்னிக் பிராண்ட் இந்தத் தனிமத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே மனிதச் சிறுநீரிலிருந்துதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கழிவுநீர் நிலையங்களின் குழாய்களில் ஸ்ட்ரூவைட் என்ற வெண்படிகம் தானாகப் படிந்து அடைத்துக்கொள்வது பெரிய தொல்லையாக இருந்தது. மக்னீசியம், அம்மோனியத்தோடு பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தப் படிகத்தையே இப்போது சில நிலையங்கள் தனித் தொட்டியில் வேண்டுமென்றே வளர்த்து, மணி மணியாக அள்ளி, உரமாக விற்கின்றன.