இன்றும் மணியைப் பின்னால் தள்ளச் சொன்னார்கள்

மார்ச் 24, 2019. சிங்கப்பூர்

கப்பல் அறையில் கட்டில் இரண்டு. பால்கனிப் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு என்று மதுரையிலேயே பேசி முடித்தது. இப்போது அதில் என் பெட்டி திறந்து கிடக்கிறது.

கிளம்புவதற்கு முன் எல்லாரையும் ஓர் இடத்தில் கூட்டினார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் ஆபத்து என்று அர்த்தமாம். பெயர் வாசித்தார்கள். அக்கா பெயரையும் வாசித்தார்கள். வரவில்லை என்றேன். அறையில் இருக்கிறாரா என்று கேட்டாள் அந்தப் பெண். மதுரையில் இருக்கிறாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இடது கையில் கப்பல் நேரம். வலது கையில் அக்காவின் எச்.எம்.டி. கடிகாரம், மதுரை நேரம். இரண்டரை மணி நேர வித்தியாசம்.

மார்ச் 25

மலாக்கா நீரிணை. ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள், வைகைப் பாலத்தில் லாரி போகிற மாதிரி. எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன்.

நேற்று இரவு அறைக்கு வந்தபோது தலையணை மேல் ஒரு சாக்லேட். அந்தக் கட்டிலின் தலையணை மேலும் ஒன்று. அதில் துண்டை மடித்து ஒரு யானை வேறு செய்து வைத்திருந்தான் அறையைப் பார்த்துக்கொள்கிற பையன். லொம்போக் தீவாம் அவனுக்கு. அக்காவின் சாக்லேட்டை டிராயரில் வைத்தேன்.

மார்ச் 26. பினாங்கு

அப்பா இறங்கிய ஊர். சுவெட்டன்ஹாம் துறையிலேயே இறங்கினாரா, வேறு எங்காவதா என்று இப்போது யாரைக் கேட்பது?

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ரஜுலாவில் ஏறவேண்டும். தளத்திலேயே படுக்கிற டெக் டிக்கெட், ஒரு பாய், தகரப்பெட்டி, ஊறுகாய் ஜாடி. 1926-ல் கட்டிய கப்பல் அது. அப்பா ஏறிய காலத்திலேயே கிழடு. 1973-ல் கைமாறி, பேரும் மாறி, மறு வருஷமே உடைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்து இறங்கும்போது உதடெல்லாம் வெடித்திருக்கும் என்று அம்மா சொல்வாள். எனக்கு அது ஞாபகம் இல்லை, அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்குத்தான் இந்தக் கப்பல் ஆசையே. அப்பா படுத்த கடலில் நாம கட்டில்ல படுத்துப் போவோம்டி என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்க்கெட் தெருவில் கோடாலித் தைலம் வாங்கினேன். அக்கா பன்னிரண்டு சின்ன பாட்டில் கேட்டிருந்தாள். கடைக்காரர் தமிழர். ஊரில் எங்கே என்றார். சொன்னேன். எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம், நான் போனதில்லை என்றார். பதின்மூன்றாவது பாட்டிலுக்குக் காசு வாங்கவில்லை. குயின் தெரு மாரியம்மன் கோயிலில் நடை சாத்துகிற நேரம், 1833 என்று வாசலில் போட்டிருந்ததைப் படித்துக்கொண்டு வெளியே நின்றே கும்பிட்டேன்.

அறைக்கு வந்து ஒரு பாட்டிலைத் திறந்தேன். அப்பாவின் தகரப்பெட்டி.

மார்ச் 27

புக்கெட். கப்பல் கடலிலேயே நின்றது, படகில் கரைக்கு ஏற்றிப் போனார்கள். நான் இறங்கவில்லை.

அக்காவுக்கு நாளை காலை எட்டு மணிக்கு. ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 28

எட்டு மணி என்றால் கப்பலில் ஒன்பதரை. அந்த நேரத்துக்கு மேல்தளத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே போகிறோம் என்று நேற்று அறிவித்திருந்தார்கள். இந்திரா முனை இந்தியாதானே, நம் சிம்முக்கு ஒரு கோடாவது வராதா என்ற நப்பாசை. ஒரு கோடும் வரவில்லை. அடிவானத்தில் சாம்பல் பூசினாற்போல ஏதோ தெரிந்தது. நிக்கோபாரா, மேகமா? 2004 சுனாமியில் அந்த முனையே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. கலங்கரை விளக்கம் மட்டும் தண்ணீரில் நிற்கிறது. பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலியப் பாட்டிக்கு இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கவலையோடு, உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, சாப்பிடக்கூட வரவில்லையே என்று கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் இன்னும் எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்ட அட்டை இருக்கிறது.

மார்ச் 29

முடிந்ததாம். "ஒண்ணுமே வலிக்கல" என்று எழுதியிருக்கிறாள். நிஜமாக வலிக்காவிட்டால் கொஞ்சம் வலித்தது என்றுதான் எழுதுவாள்.

முடிவு வரப் பத்து நாள்.

மார்ச் 30. கொழும்பு

இரண்டு கடிகாரமும் ஒரே நேரம். இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவுடையதை மட்டும் கட்டிக்கொண்டு வெளியே போனேன். செட்டியார் தெருவில் நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கினேன், எதுவும் வாங்கவில்லை. ஒரு கடையில் தண்ணீர் கேட்டேன். "இருங்கோ அம்மா" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிராயரில் ஆறு சாக்லேட்.

ஏப்ரல் 1. கொச்சி

வில்லிங்டன் தீவு. வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து முத்திரை குத்தவே பாதிக் காலை போய்விட்டது. வெளியே வந்து போனைப் போட்டதும் சேர்த்து வைத்ததெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது. பாதி தேர்தல் வீடியோ.

கைப்பையில் பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுப்புடவை. எதற்கு எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. டாக்சிக்காரரிடம் மட்டாஞ்சேரி போகணும் என்று ஏறி, பாதி வழியில் மதுரைக்கு எவ்வளவு என்று கேட்டேன். குமுளி ஏறி இறங்கினால் ஏழு மணி நேரம், போக வர வாடகை என்றார் அரைத் தமிழில். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். முகத்தைக் காட்டவில்லை, மின்விசிறிதான் தெரிந்தது.

"கொச்சியா? மீன்வலையப் பாத்தியா?"

"அக்கா, நான் எறங்கி வந்துரட்டுமா?"

"வந்த, வாசல்லயே நிக்க வச்சுருவேன். என் காசு போச்சு. ஒன் காசையும் கடல்ல போடுவியா?"

"காசா முக்கியம்?"

"பின்ன? நீ வந்து என்ன செய்யப்போற, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப. எனக்குப் பயமாப் போயிரும்டி." அப்புறம் கொஞ்சம் நேரம் மின்விசிறி மட்டும். "அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள வந்துருவல்ல?"

பதினேழாம் தேதி ரோம் துறைமுகம், அங்கிருந்து விமானம், பதினெட்டு ஓட்டுப் போடுகிற நாள், பத்தொன்பது அழகர். வந்துவிடுவேன் என்றேன்.

மீன்வலையைப் பார்த்தேன். நாலு பேர் கல்லைக் கட்டி இழுக்க, வலை தூக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு கை மீனும் கொஞ்சம் குப்பையும். டாக்சிக்காரர் வாயைத் திறக்காமல் கூடவே நின்றார். ஐந்து மணிக்குள் கப்பலில் ஏறவேண்டும். நாலு மணிக்கே ஏறிவிட்டேன்.

அறைப் பையனிடம், அக்கா வரமாட்டாள் என்று இன்றுதான் சொன்னேன்.

ஏப்ரல் 2

அரை மணி பின்னால்.

ஏறியிருக்கக்கூடாது.

ஏப்ரல் 3

அரபிக்கடல், சிறகு மீன்கள், யாரோ பியானோ. கப்பலின் இணையத்துக்கு வாங்குகிற காசில் நான் லைட்னிங் காலே போட்டுக் கொடுத்துவிடுவேன். வெளியூர் டெலிபோன் லைன் போட்டுக் கொடுக்கிற டிரங்க் போர்டில் நான் இருந்த காலத்தில் சாதாரண கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு காசு. பெரும்பாலும் சாவுச் செய்திக்குத்தான் கேட்பார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடலாம் போல இருக்கும், ஆனால் லைன் சேர்ந்துவிட்டதா என்று தெரிய நாம் கொஞ்சமாவது கேட்டாக வேண்டும். எத்தனை பேரின் முதல் "ஐயோ"வைக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

இதை ஏன் எழுதினேன்?

ஏப்ரல் 4

நேற்று ஒரு சாக்லேட். ஒன்றே ஒன்று. அந்தக் கட்டிலின் தலையணையை எடுத்துவிட்டு, விரிப்பை இழுத்து, சோபா மாதிரி ஆக்கிவிட்டான். நான் வசதியாக உட்காரட்டும் என்று செய்திருக்கிறான், பாவம். காலையில் நடைவழியில் அவனைப் பிடித்து ஒரு கத்து கத்திவிட்டேன். தமிழிலேயே. அவன் துணிவண்டியைப் பிடித்தபடி நின்றான்.

இன்று இரவு தலையணை திரும்பி வந்துவிட்டது. சாக்லேட் இரண்டு. குரங்கு ஒன்று, கையில் என் மூக்குக்கண்ணாடியை மாட்டி. நாளை மன்னிப்புக் கேட்கவேண்டும். தைலம் ஒரு பாட்டில் கொடுக்கலாம், அந்தப் பதின்மூன்றாவது.

மணி மறுபடி பின்னால், இந்தத் தடவை ஒரு மணி நேரம். இந்தக் கப்பலில் மேற்கே போகிறவர்களுக்கெல்லாம் நாள் நீளமாம், தூங்க ஒரு மணி நேரம் கூடுதல் என்று எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 5. சலாலா

சாம்பிராணி வாடை ஊர் முழுக்க. சேரமான் பெருமாள் அடங்கிய இடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், கேரளத்துக்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். எனக்கு இந்தக் கடற்கரையில் வேறோர் ஆள்மேல் கண். இங்கிருந்து கிழக்கே கோர் ரோரியில் தோண்டியபோது ஒரு பானைத்துண்டு கிடைத்தது, அதில் தமிழ் பிராமியில் ஒரு பெயர், கீரன். முதலாம் நூற்றாண்டு. மேலே "ணந்தை" என்று ஒரு சொல். அவ்வளவுதான். எந்த ஊர்க் கீரன், திரும்பிப் போனானா, ஊரில் யார் காத்திருந்தார்கள், ஒன்றும் இல்லை. உடைந்த பானையைத் தேய்த்து மூடியாக்கி அதில் பெயர் எழுதியிருக்கிறான், மற்றவன் எடுத்துவிடக்கூடாதென்று. எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுகிற மாதிரி.

சாக்லேட்டில் எழுத முடியாது.

ஏப்ரல் 6

ஏடன் வளைகுடா. கடற்கொள்ளையர் ஒத்திகை. பால்கனிக் கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, எல்லாரும் அறைக்கு வெளியே நடைவழியில் தரையில் உட்காரவேண்டும். இருட்டியதும் வெளித்தளங்களில் விளக்கு கிடையாது. கோடீஸ்வரர்களெல்லாம் அரைக்கால் சட்டையோடு வரிசையாகத் தரையில். டெக் டிக்கெட்!

அறைப் பையன் தைலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, இது எங்க அம்மாவும் வைத்திருப்பார்கள் என்றான்.

ஏப்ரல் 7

பாப் அல் மந்தப். கண்ணீர் வாசல் என்று அர்த்தமாம். பேர் வைத்தவனுக்கு வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 8

பத்து நாள் தாண்டியாயிற்று. பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்களாம், இன்னொருவரும் பார்க்கட்டும் என்று. பாப்பா எழுதியிருக்கிறாள். "அது நல்லதுதான் சித்தி" என்றும் சேர்த்திருக்கிறாள். நல்லதென்றால் ஏன் சொல்லவேண்டும்?

ஏப்ரல் 9

செங்கடல் சிவப்பில்லை. மோர்க்குழம்புக்கு ஏங்குகிறது நாக்கு. கொண்டுவந்த பருப்புப்பொடி தீர்ந்தது. அக்காவின் பங்கையும் தின்றுவிட்டேன்.

ஏப்ரல் 10

அகபா. எல்லாரும் பெட்ரா போய்விட்டார்கள். முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று நான் தங்கிவிட்டேன். எதிரே எகிப்து, பக்கத்தில் இஸ்ரேல், இந்தப் பக்கம் சவுதி. நாலு நாடும் கண்ணுக்கெட்டிய தூரத்தில், சிக்னல் மட்டும் இல்லை.

ஏப்ரல் 11

மணி பின்னால். இப்போது மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்கா எழுந்து காபி குடித்து மாத்திரை போட்டுக் குளிக்கும்போது எனக்கு இன்னும் விடியவில்லை. என் நேற்றுக்குள் நான் இருக்கும்போதே அவளுக்கு அங்கே என்னவோ நடந்து முடிந்துவிடுகிறது.

ஏப்ரல் 12. சூயஸ்

விடியுமுன் எழுந்துவிட்டேன். 193 கிலோமீட்டர், தண்ணீரை ஏற்றி இறக்குகிற மதகு எதுவும் இல்லாத கால்வாய், வெறும் கோடு. கப்பல்கள் சமதூரம் விட்டு வரிசையாகப் போகின்றன. இடப்பக்கம் பேரீச்சை, வயல், கரையோரம் ஓடுகிற பிள்ளைகள். வலப்பக்கம் மணல், மணல், ஒரு காவல் கோபுரம், மணல். கைநீட்டினால் கரை. இவ்வளவு கிட்டத்தில் கரையை வைத்துக்கொண்டு இறங்க முடியாமல் போவது ஒரு மாதிரியாக இருந்தது.

பெரிய கசப்பு ஏரியில் ஆஸ்திரேலியப் பாட்டி ஒரு கதை சொன்னாள். 1967 போரில் கால்வாயை அடைத்தபோது பதினாலு கப்பல்கள் இந்த ஏரியில் மாட்டிக்கொண்டன. 1975 வரைக்கும். எட்டு வருஷம்! மேலே மணல் படிந்து படிந்து மஞ்சள் கப்பல்கள் என்றே பெயராகிவிட்டது. மாலுமிகள் தாங்களே தபால்தலை வரைந்து ஒட்டிக்கொண்டார்களாம், தங்களுக்குள் ஒரு ஒலிம்பிக் நடத்தினார்களாம். பாட்டி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பாலத்துக்குக் கீழே போகும்போது போன் துடித்தது. பாப்பா. "சித்தி, ரிப்போர்ட் வந்துருச்சு. அம்மாவே உங்ககிட்ட பேசணுமாம். நைட் 9 மணிக்குக் கூப்பிடுறோம்."

சரி என்று அனுப்பினேன். ஒரு டிக். அதோடு நெட் போய்விட்டது.

போர்ட் சயீது தாண்டி மத்தியதரைக்கடல். இன்று இரவு முதல்முறையாக மணியை முன்னால் தள்ளச் சொல்லி அட்டை வைத்திருக்கிறார்கள். கிரீஸ் நேரம். ஒரு மணி நேரம் குறையும். இத்தனை வருஷம் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள், யார் நேரம் சொன்னாலும் காலையா மாலையா, எந்த ஊர் நேரம் என்று திருப்பிக் கேட்டுத்தான் சீட்டில் எழுதுவேன். இதைக் கேட்கவில்லை.

டிராயரில் பத்தொன்பது. அந்த ஒரு நாள் விட்டுப்போகாமல் இருந்தால் பார்த்தவுடன் கணக்கு நேராக இருந்திருக்கும்.

இடது கையில் ஏழே முக்கால். வலது கையில் பதினொன்றேகால். அக்கா பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள்.