தீர்ப்புக்குப் பிறகும் தீராத ரேஷன் கார்டு: மாடி வீட்டு அம்மாவின் துணை

விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும் என் பெயர் முன்னாள் கணவரின் ரேஷன் கார்டிலேயே கிடந்தது. ரேஷன் கார்டுகளுக்கான அரசின் டிஎன்பிடிஎஸ் தளத்தில் பெயரை நீக்க, கார்டில் பதிந்த செல்போனுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் அவருடையது. நீக்காமல் புதுக் கார்டு கேட்டால், ஆதார் வேறொரு கார்டில் இருப்பதாகச் சொல்லித் தளம் தள்ளிவிடும். வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போனால், "குடும்பத் தலைவரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார் எழுத்தர். தீர்ப்பு நகலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாடி வீட்டு அம்மா வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். ஏன் பிரிந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "வாயால சொன்னா நடக்காது கண்ணு, எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு என்னுடன் கிளம்பினார்.

மனு எழுதுவதில் அவர் கறார். பொருள் வரியில் கார்டு எண். அதன் கீழே 'பார்வை' வரியில் வழக்கு எண்ணும் தீர்ப்புத் தேதியும். பெயர் நீக்கத்துக்கு ஒரு மனு, புதுக் கார்டுக்கு இன்னொன்று. சேர்த்து எழுதினால் ஒன்று இழுக்க மற்றதும் கிடப்பில் போகும். மூலைகளைத் தட்டிச் சமமாக்கி, துளையிட்டு, பச்சை டேக் கோத்துத்தான் தருவார். இரண்டு பிரதி எடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக்கூடாது. அங்கே வாங்க மறுத்தால் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம். அதுவும் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகம். எங்களுக்கு முகாமிலேயே முத்திரை விழுந்தது, பெயரும் நீங்கியது. வராண்டா பெஞ்சில் அவர் தயிர் சாத டப்பாவைத் திறந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

தீர்ப்பு நகலுக்குக் காசு கேட்டால் தராதீர்கள்: இந்து திருமணச் சட்டம் 23(4)-ன்படி இரு தரப்புக்கும் ஒரு நகல் இலவசம். அசலைக் காட்டுங்கள், கையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

புதுக் கார்டுக்கு வீட்டைப் பார்க்க வருவார்கள். தனிச் சமையல் இருக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் ஒரே அடுப்பு என்றால் அவர்கள் கார்டில்தான் சேர முடியும். அங்கே உங்கள் அம்மா ஏற்கெனவே மகளிர் உரிமைத்தொகை வாங்கினால் உங்களுக்குக் கிடைக்காது, ஒரு கார்டுக்கு ஒருவர்தான். வாடகை ஒப்பந்தமும் கேஸ் புத்தகமும் எடுத்து வையுங்கள்.

மாடி வீட்டு அம்மாவின் ஓய்வூதிய நேர்காணலை, அதாவது உயிருடன் இருப்பதைப் பதிவு செய்வதை, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் கருவியில் ஏறவில்லை. ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியலாம். ஆதார் பேஸ் ஆர்டி செயலியும் வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகி நிராகரிக்கும். வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண் சிமிட்டச் சொன்னதும் ஏறிவிட்டது. பிபிஓ எண்ணை (ஓய்வூதிய ஆணை எண்) முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தேடினால் நேரம் முடிந்துவிடும்.