பாதியில் நின்ற சங்கீதம்

கிளாஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்கம்மா போகலாம், எடின்பரோ கோட்டைக்கா?" என்று கேட்டாள். நான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் அயோனா தீவு என்றதும் சிரித்துவிட்டாள். "அங்க போய்ச் சேரவே ஒரு நாள் ஆகுமே!" ஆகட்டும். ஞாயிறு பள்ளியில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளைப் பைபிளில் உள்ள சங்கீதங்களை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். சங்கீதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த நாளிலேயே கண்மூடிய ஒருவரின் இடத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

அவள் சொன்னது பொய்யில்லை. ஓபன் வரை ரயிலில் 3 மணி நேரம், அங்கிருந்து கப்பலில் மல் தீவு. அப்புறம் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய ஒற்றைச் சாலையில் பேருந்து. கடைசியாகப் பத்து நிமிடப் படகு. வெளியூர்க்காரர்கள் காரை அக்கரையிலேயே விட்டுவிட வேண்டும். தீவு சுமார் 5 கிலோமீட்டர் நீளம்தான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 200 பேர்கூட இல்லை.

அந்த ஒருவர்தான் துறவி கொலும்பா. 563ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து 12 சீடர்களோடு இங்கே வந்தார். ஏன் ஊரைவிட்டு வந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. இன்னொருவருக்குச் சொந்தமான சங்கீதப் புத்தகத்தை அனுமதி கேட்காமல் பிரதி எடுத்தாராம். வழக்கு அரசனிடம் போனது. "பசுவுக்குத்தான் கன்று சொந்தம், புத்தகத்துக்குத்தான் பிரதி சொந்தம்" என்று தீர்ப்பாகி, அது சண்டை வரை போய் உயிர்கள் பலியாயின என்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, எனக்கு இதில் ஒன்று பிடித்திருக்கிறது. சங்கீதம் எழுதப்போய் ஊரை இழந்தவர், எழுதுவதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

மடாலயத்துக்கு எதிரே ஒரு சின்னப் பாறைக்குன்று. அதன் மேல்தான் அவருடைய எழுத்துக் குடில் இருந்தது என்பது பழைய நம்பிக்கை. 1957இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் சார்லஸ் தாமஸுக்குக் கிடைத்தது எரிந்த மரத்தின் கரித்துண்டுகள். அவற்றைத் தீப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். அறுபது வருஷம் கழித்து, 2017இல் அந்தக் கரியைச் சோதித்தபோது, கொலும்பா வாழ்ந்த காலத்தோடு ஒத்துப்போனது. குன்றில் ஏற நாலைந்து எட்டுதான். ஏறி நின்றேன், காற்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தீப்பெட்டிக்குள் ஒரு பரிசுத்தவானின் குடில்!

597 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. கொலும்பா வயதாகித் தளர்ந்திருந்தார். மடத்துக்குப் பால் சுமக்கும் வெள்ளைக் குதிரை அன்று அவர் மார்பில் தலையைச் சாய்த்து அழுதது என்று அதே மடத்துக்குப் பின்னாளில் ஒன்பதாவது மடாதிபதியாக வந்த அதாம்னன் எழுதியிருக்கிறார். குதிரையை விரட்டப் போன சீடரை, "அதை விடு, அழட்டும்" என்று தடுத்தாராம். பிறகு குடிலுக்குப் போய் 34ஆம் சங்கீதத்தைப் பிரதி எடுக்க உட்கார்ந்தார். கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நன்மையும் குறைவுபடாது என்ற வசனத்தோடு நிறுத்தினார். மிச்சத்தைச் சீடர் பைத்தின் எழுதட்டும் என்றார். அன்று நள்ளிரவில் ஜெபமணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் கோவிலுக்கு ஓடியவர், பலிபீடத்தின் முன்னாலேயே உயிர்விட்டார்.

மிச்சத்தை எழுத ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். 806இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர்கள் இங்கே 68 பேரைக் கொன்றார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை மணல் கரைக்கு இன்றும் இரத்தசாட்சிகள் துறை என்றுதான் பெயர். டப்ளினில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற, சித்திரம் தீட்டிய பழைய சுவிசேஷக் கையெழுத்துப் பிரதியை எழுதத் தொடங்கியது இந்தத் தீவில்தான் என்று அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள். 1200 வாக்கில் பெனடிக்ட் சபைத் துறவிகள் கல்லால் மடாலயம் கட்டினார்கள். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது கூரையிழந்து கிடந்தது. 1938இல் ஜார்ஜ் மெக்லியோட் என்ற போதகர், கிளாஸ்கோவில் வேலையில்லாமல் இருந்த கைவினைஞர்களையும் பயிற்சிப் போதகர்களையும் கூட்டிவந்து, அதைத் திரும்பக் கட்ட ஒன்றாகக் கல் சுமக்க வைத்தார். போதகர் படிப்பு படிக்கிறவன் கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். நல்ல படிப்புதான்!

முற்றத்தில் நிற்கும் புனித மார்ட்டின் சிலுவை 1200 வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில் நிற்கிறது. மழையில் நனைந்த அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

அன்றிரவு தீவிலேயே தங்கினோம். மறுநாள் காலை ஆராதனைக்கு மடாலயத்துக்குப் போனோம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். பாஷை வேறானாலும் நம்ம ஊர் ஆராதனை போலத்தான் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். ஆசீர்வாதத்துக்காக நான் கண்ணை மூடித் தலையைக் குனிந்தேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால் பாதிப்பேர் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். இங்கே காலை ஆராதனையை ஆசீர்வாதத்தோடு முடிப்பதில்லையாம். வெளியே போய்ச் செய்கிற வேலையும் ஆராதனைதானாம். சொல்லிவிட்டு, சமையற்கட்டில் வேலை இருக்கிறது என்று அவரும் போய்விட்டார்.

"வாங்கம்மா, படகு வந்துட்டு" என்று மகள் பையைத் தூக்கினாள்.