ஓடாத நாள்

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் செல்லும் சாலையில், ஆனிச் சாரல் முகத்தில் அடிக்க ஓடியவர்களுக்கு அந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையைக் குறைக்க நான் தொடங்கிய நடை, ஓராண்டில் ஓட்டமாகி, தினமும் 12 கிலோமீட்டரில் வந்து நின்றது. காய்ச்சலிலும் ஓடினேன். கொழுந்தனின் திருமணத்துக்காகப் புனலூரில் தங்கிய அன்றுகூட, விடியற்கருக்கலில் ஓடி முடித்த பிறகே பட்டுச்சேலை உடுத்தினேன். தெருவே மெச்சியது. மதினி மட்டும், "ஓடாத அன்னைக்கு ஏன்ம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். குடித்துவிட்டு வருகிறவனை ஊர் கண்டிக்கும்; ஓடிவிட்டு வருகிறவளை யார் கண்டிப்பார்கள்?

மதினியின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது பின்னர் படித்தபோதுதான் புரிந்தது. 1970-இல் பேக்லண்ட் என்ற ஆய்வாளர், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் உறக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முனைந்தபோது, அன்றாடம் பயிற்சி செய்பவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்த மறுத்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் செய்பவர்களைக் கொண்டே அவர் ஆய்வை நடத்த வேண்டியிருந்தது. பந்தயத்துக்காக என்னைவிட அதிகம் ஓடும் பெண்கள் ஓய்வு நாளில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்கோ ஓடாத நாளில் சோறு இறங்காது. இறங்கினால் மறுநாள் அதற்கும் சேர்த்து ஓட வேண்டும்.

ஆறு மாதம் மாதவிடாய் வராமலிருந்ததை, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், வசதியாகவே எண்ணினேன். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதபோது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சினைப்பையைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் தாழ, எலும்பு உருவாகும் வேகத்தை அது கரையும் வேகம் முந்திவிடுகிறது. இந்த ஆற்றல் பற்றாக்குறை இதயத்தையும் நோய் எதிர்ப்பாற்றலையும் மனநிலையையும்கூடத் தாக்கும் என்று 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு விரிவாக எடுத்துரைத்து, அதற்கென ஒரு பெயரும் சூட்டியது. வீராங்கனைகளுக்கு வருவது, இட்லிக்கு மாவாட்டும் எனக்கும் வரும் என்று யார் கண்டார்கள்!

முழங்காலுக்குக் கீழே விடாமல் வலித்தபோது எடுத்த ஸ்கேனில், எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அதைப் பார்த்த மருத்துவர் காலைப் பற்றி விசாரிக்கவில்லை. மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது என்றுதான் கேட்டார். எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார். முதல் பத்து நாட்களில் பிள்ளையிடம் எரிந்து விழுந்ததை நினைக்கவே கூசுகிறது.

இப்போது வாரத்துக்கு நான்கு நாள்தான் ஓட்டம். ஞாயிறன்று தட்டின் முன் உட்காரும்போது மனம் இன்னும் கிலோமீட்டர் கணக்குப் போடத்தான் செய்கிறது. மதினி எதுவும் கேட்பதில்லை. ஐந்தாவது இட்லியை வைத்துவிட்டுச் சட்னி எடுக்கப் போய்விடுகிறார்.