பூவின் மேல் எழுதிய கவிதை: கோஎட்சு, சோதட்சு கேள்விக்குப் படிக்கும் முறை

ஜப்பானியக் கலை வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது: தங்கத்திலும் வெள்ளியிலும் பூ வரைந்து, அதன் மேல் கவிதை எழுதிய ஒரு தாளைத் திரையில் காட்டி, விவரிக்கச் சொல்வார்கள். பலரும் ஓவியத்துக்கு ஒரு பத்தி, எழுத்துக்கு ஒரு பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் எப்படி உரசுகின்றன என்று எழுதினால்தான் மதிப்பெண் ஏறும்.

அடிப்படைத் தகவல்களை ஒரே மாலையில் முடித்துவிடலாம். எழுதியவர் ஹொனாமி கோஎட்சு (1558–1637), கியோட்டோவில் வாள்களை மெருகேற்றி மதிப்பிடும் குடும்பத்துப் பிள்ளை. வரைந்தவர் தவராயா சோதட்சு, அதே ஊரில் ஓவியக்கடை வைத்திருந்தவர். பல தாள்களின் ஓவியம் அவருடையது என்று கருதப்படுகிறது, அவ்வளவுதான். விடையிலும் அப்படியே எழுதுங்கள். கவிதை வாகா வகை, 5-7-5-7-7 என 31 அசைகள். பழக்க தோஷத்தில் ஹைக்கூ என்று எழுதிவிட வேண்டாம்.

சரி, உரசலை எப்படிப் பார்ப்பது? முதலில் ஓவியம், அப்புறம்தான் எழுத்து. இந்த வரிசையை மனதில் வையுங்கள். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் 1606 தேதியிட்ட ஒரு கவிதைத் தாள் இருக்கிறது. செர்ரிப் பூக்களின் மேல் கவிஞர் கமோ நோ சோமெய்யின் கவிதை. உயரம் ஒரு சாண்தான். அந்தப் படத்தை அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து, மை தடித்த எழுத்துகளை மட்டும் நிரப்பினேன். இன்னொரு தாளில் பூக்களின் விளிம்பு. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால், தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே மெலிந்தது, பூவோடு எங்கே மோதியது என்பதெல்லாம் தெரியும். விடையின் முதல் வரியை அங்கிருந்தே எடுக்கலாம்.

நீண்ட சுருள்களை வலமிருந்து இடமாகப் பாருங்கள். கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தின் கொக்குச் சுருள் 13 மீட்டருக்கு மேல். கரையில் நிற்கும் கொக்குகள் எழும்பிப் பறந்து இறங்குவதை இடப்பக்கமிருந்து பார்த்தால் கதையே தலைகீழாகிவிடும். அதில் 36 கவிஞர்களின் பாடல்கள் உண்டு. கொக்குகள் அவற்றுக்கு விளக்கப்படமில்லை. முதல் கவிஞர் ஹிதோமாரோவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்ட கோஎட்சு, அதைப் பக்கத்தில் பொடியாகச் சேர்த்திருக்கிறார். கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், எனக்கு மிகப் பிடித்த இடம்.

சாம்பல் கறுப்பாகத் தெரியும் பகுதிகளை மை என்று எழுதாதீர்கள். அநேகமாக நிறம் மங்கிய வெள்ளி. செடிகளின் பெயரையும் படித்து வையுங்கள். டோக்கியோ ஹதகெயாமா அருங்காட்சியகச் சுருளில் மூங்கில், பிளம், அசலியா, ஐவி வருகின்றன; அவற்றை அடையாளம் காணாமல் நான்கு பருவங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.